முதல் பெஞ்சு யாருடையது?

(வகுப்பறையில் துணைத் தொழில்நுட்பம் குறித்து, கல்லூரி மாணவர்களின் வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னை அறிமுகம் செய்த தோழர், ‘பார்வை இல்லாமலேயே சாதித்தவர்’ என்று சொன்னார். அன்பினால் சொன்னது. ஆனால் நான் எதையும் சாதித்துவிடவில்லை. ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியராக இருக்கிறேன். காலையில் போகிறேன், பாடம் நடத்துகிறேன், மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறேன். பார்வை உள்ள ஒருவர் இதைச் செய்தால் வேலை. நான் செய்தால் சாதனை. அப்படியென்றால் என் போன்றவர்கள் உள்ளே வருகிற வாசல் அவ்வளவு குறுகலாக வைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அந்த வாசலைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது நடந்ததிலிருந்து தொடங்குகிறேன்.

எனக்குப் பிறவியிலேயே பார்வைக் குறைவு. அப்போது வெளிச்சம் தெரியும், ஆள் அசைவது தெரியும், புத்தகத்தை மூக்கோடு ஒட்டி வைத்தால் எழுத்து தெரியும். கரும்பலகை மட்டும் தெரியாது. எனக்கு அது வெறும் கறுப்புச் சுவர். நான் உட்கார்ந்திருந்தது கடைசி வரிசையில். பார்வை குறைந்த பையனைக் கடைசியிலா உட்கார வைப்பார்கள் என்று நீங்கள் கேட்கலாம். என் கண்ணைப் பார்த்து யாரும் அங்கே உட்கார வைக்கவில்லை. என் தெருவைப் பார்த்து உட்கார வைத்தார்கள். எங்கள் காலனிப் பிள்ளைகள் ஆறு பேரும் அந்த வரிசையில்தான் இருந்தோம். ‘அங்கே உட்கார்’ என்று யாரும் வாய் திறந்து சொன்னதாகக்கூட நினைவில்லை. முதல் நாளே எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

‘சார், போர்டு தெரியல’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் முன்னால் வந்து உட்காரச் சொல்வார். முதல் பெஞ்சு யாருடையது என்று எனக்குத் தெரியும். அங்கே போய் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவன் நகர்ந்து உட்காருவான் என்றும் தெரியும். பத்து வயதில் நான் போட்ட கணக்கு இதுதான்: பாடம் போனால் போகட்டும், அவன் நகர்வதை நான் பார்க்க வேண்டாம்.

பக்கத்தில் இருந்த நண்பன் கரும்பலகையில் இருப்பதை மெதுவாக எனக்கு வாசித்துச் சொல்வான். நான் எழுதிக்கொள்வேன். எழுத்துக் கூட்டித் தடுமாறிப் படிக்கிற பையன் அவன். எனக்காகத் தினமும் வாசித்து வாசித்து, வருடக் கடைசியில் எங்கள் வரிசையில் தடங்கல் இல்லாமல் படிக்கிறவன் அவனாகத்தான் இருந்தான். எனக்குக் கிடைத்த முதல் துணைக் கருவி அவனுடைய குரல். அதனால் அதிகம் பலன் பெற்றது நானா, அவனா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

நான் இன்று சொல்ல வந்த செய்தி முழுவதும் இந்த ஒரு சம்பவத்தில் இருக்கிறது. மற்றதெல்லாம் விளக்கம்.

துணைத் தொழில்நுட்பம் என்றதும் பலருக்கு ஏதோ விலை உயர்ந்த வெளிநாட்டுக் கருவி நினைவுக்கு வருகிறது. இங்கே எத்தனை பேர் கண்ணாடி போட்டிருக்கிறீர்கள்? கையைத் தூக்காதீர்கள், தூக்கினாலும் எனக்குத் தெரியாது. அந்தக் கண்ணாடியும் துணைக் கருவிதான். அதைப் போட்டவரை யாரும் மாற்றுத்திறனாளி என்று அழைப்பதில்லை. தேர்வு அறைக்குள் கண்ணாடியோடு போகச் சான்றிதழ் கேட்பதில்லை. ‘கண்ணாடி போட்டுக்கொண்டு எழுதி மார்க் வாங்கினான், அதனால் அவனுக்குத் தகுதி இல்லை’ என்று எவரும் சொல்வதில்லை. நிறையப் பேர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டால் ஒரு கருவியின் மேல் ஒட்டியிருக்கும் அவமானம் உதிர்ந்துவிடுகிறது என்பதற்குக் கண்ணாடியைவிட நல்ல சான்று வேண்டாம்.

புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் போனில் படம் எடுத்து எழுத்தாக மாற்றிக்கொள்கிறீர்கள் இல்லையா? அமெரிக்காவில் ரே கர்ஸ்வெல் என்பவர் 1976இல் பார்வையற்றோருக்காக ஒரு வாசிப்பு எந்திரத்தை வெளியிட்டார். அச்சிட்ட பக்கத்தை ஸ்கேன் செய்து, எழுத்தை அடையாளம் கண்டு, குரலில் வாசிக்கும் எந்திரம். உங்கள் கையில் இருக்கும் வசதிக்கு அது முன்னோடிகளில் ஒன்று. அதே நாட்டில் 1972இல் ஒரு தொலைக்காட்சிச் சமையல் நிகழ்ச்சியில், காது கேளாதவர்களுக்காகப் பேச்சைத் திரையில் எழுத்தாக ஓடவிட்டார்கள். இன்று பேருந்தில் சத்தம் வைக்காமல் வீடியோ பார்க்கிற எல்லோரும் அந்த எழுத்தைத்தான் படிக்கிறீர்கள்.

நம் நாட்டிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1996இல் அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் பிரிஜ் கோத்தாரி ஒரு யோசனையோடு வேலையைத் தொடங்கினார். தொலைக்காட்சியில் சினிமாப் பாட்டு ஓடும்போது, அந்தப் பாட்டின் வரிகளை அதே மொழியில் கீழே ஓடவிட்டால் என்ன? பாட்டு ஏற்கெனவே மனப்பாடம். காது முன்னால் போகும். கண் அந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் வரும். பள்ளிக்கூடத்தில் பாதியில் நின்றுபோன, அரைகுறையாக எழுத்துக் கூட்டத் தெரிந்த கோடிக்கணக்கானவர்களுக்கு, தனியாக வகுப்பு வைக்காமலேயே வாசிப்புப் பயிற்சி. பிற்பாடு தூர்தர்ஷனின் ‘சித்ரஹார்’ நிகழ்ச்சியிலும் அப்படி எழுத்து ஓடியது. காது கேளாதவருக்கு உதவும் அதே எழுத்து, எழுத்து மறுக்கப்பட்டவருக்கும் உதவுகிறது. எழுத்து யாருக்கு மறுக்கப்பட்டது என்று இந்த அரங்கில் நான் விளக்க வேண்டியதில்லை.

இருபது வயதுக்கு மேல் எனக்கு மிச்சம் இருந்த பார்வையும் போய்விட்டது. அப்போது கல்லூரியில் இருந்தேன். ஒரு பேராசிரியர் வகுப்பில் டேப் ரெக்கார்டர் வைக்க விடவில்லை. நண்பர்கள் வாசித்துக் காட்டினால்தான் பாடம். அவர்களுக்கு நான் என்றும் கடன்பட்டவன். ஆனால் இன்னொருவர் குரலில் படிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அவருக்கு நேரம் இருக்கும்போதுதான் படிக்க முடியும். அவர் எதை வாசிக்கச் சம்மதிக்கிறாரோ அதைத்தான் படிக்க முடியும். தேர்வுக்கான நோட்ஸை வாசிப்பார்கள். அம்பேத்கரை வாசி என்று எப்படிக் கேட்பது? ஒருமுறை கேட்டேன். ‘அது சிலபஸ்ல இல்லையே’ என்றான் வாசித்துக்கொண்டிருந்த நண்பன். கெட்டவன் இல்லை. ஆனாலும் அதற்குப் பிறகு நான் யாரிடமும் கேட்கவில்லை.

பி.எட். முடித்த பிறகு ஒரு பழைய கணினியில் என்.வி.டி.ஏ. என்ற மென்பொருளைப் போட்டுக்கொடுத்தார்கள். திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் ஸ்கிரீன் ரீடர் அது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற இரண்டு பார்வையற்ற இளைஞர்கள் 2006இல் தொடங்கிய முயற்சி. அதற்கு முன்பு இருந்த ஸ்கிரீன் ரீடர்கள் எங்கள் வீட்டு வருமானத்தில் நினைத்துப் பார்க்க முடியாத விலை. இவர்கள் உருவாக்கியது இலவசம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், தங்கள் மொழியைச் சேர்க்கலாம். அன்று இரவு இணையத்திலிருந்து ‘சாதி ஒழிப்பு’ நூலின் ஆங்கில மூலத்தை இறக்கி, கணினியை வாசிக்க விட்டேன். 1936இல் லாகூர் மாநாட்டுக்காக எழுதப்பட்டு, அங்கே பேசவிடாமல் தடுக்கப்பட்ட உரை அது. எந்திரக் குரல், என்னுடைய அரைகுறை ஆங்கிலம். ஒரு பத்தியை நாலு முறை, ஐந்து முறை கேட்டேன். கணினி சலித்துக்கொள்ளவில்லை. சிலபஸில் இருக்கிறதா என்று கேட்கவில்லை. நான் எதைப் படிக்க வேண்டும் என்று இன்னொருவர் முடிவு செய்யாத முதல் இரவு அது.

தொழில்நுட்பம் என்று நான் சொல்லும்போது இதைத்தான் சொல்கிறேன். இரக்கத்தை நம்பிக் காத்திருக்க வேண்டிய நிலையிலிருந்து ஒரு ஆளை வெளியே கொண்டுவருவது.

சரி, வேலைக்கு வந்தாயிற்று. அங்கே வேறு ஒரு சுவர். எங்களுக்கு வரும் சுற்றறிக்கைகளும் வினாத்தாள்களும் பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கும். பாமினி போன்ற எழுத்துருக்களில் திரையில் தெரிவது தமிழ். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. ‘அம்மா’ என்று நீங்கள் பார்க்கும் சொல்லை என் கணினி ‘எம், கே, செமிகோலன், கே, எச்’ என்று வாசிக்கும். ஒரு பக்கம் முழுக்க இப்படிக் கேட்டுப் பாருங்கள், தலை சுற்றும். 2010இலேயே தமிழ்நாடு அரசு யூனிகோடை அதிகாரபூர்வத் தரமாக ஏற்றுக்கொண்டது. ஆனால் பல அலுவலகங்களில் இன்றும் பழைய பழக்கம் போகவில்லை.

எங்கள் பள்ளியில் நான் சேர்ந்தபோது, ‘எனக்குப் படிக்க முடியவில்லை, யூனிகோடில் தாருங்கள்’ என்று கேட்டேன். ‘உங்க ஒருத்தருக்காகவா சார்?’ என்றார்கள். பல மாதம் கேட்டுக்கேட்டு வினாத்தாள்களை யூனிகோடுக்கு மாற்ற வைத்தேன். பிறகு என்ன நடந்தது தெரியுமா? எல்லா ஆசிரியர்களும் வினாத்தாளைப் போனிலேயே திறக்க முடிந்தது. பழைய கேள்விகளைத் தேடி எடுக்க முடிந்தது. எழுத்துரு இல்லாத கணினியில் கட்டம் கட்டமாகத் தெரிகிற தொல்லை ஒழிந்தது. எனக்காக மட்டும் என்று சலித்துக்கொண்டே செய்த மாற்றத்தை இன்று பள்ளி முழுவதும் பயன்படுத்துகிறது. யாரும் அதை என் பெயரோடு சேர்த்து நினைப்பதில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும்.

இப்போது என் வகுப்பறைக்கு வருகிறேன். முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவன். பேச்சில் கெட்டிக்காரன். கேள்வி கேட்டால் அவன் பதிலில் தெளிவு இருக்கும். புத்தகத்தை எடுத்து வாசிக்கச் சொன்னால் மட்டும் வாய் மூடிவிடும். கற்றல் குறைபாடா, சிறுவயதில் யாரும் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லையா, எனக்குத் தெரியாது. யாரும் அவனைச் சோதித்துப் பார்த்ததில்லை, சான்றிதழும் இல்லை. அவனும் காலனிப் பையன். பாடங்களை என் குரலில் பதிவு செய்து, ஒரு சின்ன பிளேயரில் போட்டு, இயர்போனோடு அவனிடம் கொடுத்தேன். பெரிய உதவி செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் திருப்பிக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தான்.

‘வேணாம் சார். செவிடன்னு கூப்பிடுறானுங்க. ஏற்கெனவே ஒரு பேரு இருக்கு சார், இன்னொன்னு வேணாம்.’

எனக்குப் பேச்சு வரவில்லை. முதல் பெஞ்சுக்குப் போகாமல் கடைசியில் உட்கார்ந்திருந்த பத்து வயதுப் பையன்தான் என் எதிரில் நின்றுகொண்டிருந்தான். உதவியைத் தனியாக எடுத்து, தனியாக ஒருவன் கையில் கொடுத்தால், அது உதவியாக மட்டும் போய்ச் சேர்வதில்லை. அடையாளமாகவும் போய்ச் சேர்கிறது. தேநீர்க் கடையில் தனிக் குவளை வைப்பதும் இதுவும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அது இழிவுபடுத்துவதற்காகவே வைக்கப்பட்டது. இது நல்லெண்ணத்தில் கொடுக்கப்பட்டது. ஆனால் வாங்குகிறவன் கைக்கு இரண்டும் தனியாகத்தான் வருகின்றன. ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட பிள்ளைக்கு அந்த வேறுபாட்டை எண்ணிப் பார்க்க நேரம் இல்லை.

அடுத்த வாரம் முறையை மாற்றினேன். ஒரு ஸ்பீக்கர் வாங்கினேன். பாடத்தின் ஒலிப்பதிவை வகுப்பு முழுவதற்கும் ஓடவிட்டேன். பிள்ளைகள் புத்தகத்தில் விரல் வைத்துக் கூடவே வர வேண்டும். மாலையில் அதே பதிவு வகுப்பின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும். வீட்டில் ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்கு மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்தோம். பட்டன் போனிலும் ஓடும். அதுவும் இல்லாதவர்கள் மதிய இடைவேளையில் பள்ளிக் கணினியில் கேட்கலாம். 2020இல் பள்ளிகள் மூடியபோது, போன் இல்லாத ஒரே காரணத்துக்காக எத்தனை பிள்ளைகள் படிப்பிலிருந்து கழன்று வேலைக்குப் போனார்கள் என்று பார்த்தவன் நான். எனவே ‘எல்லோருக்கும்’ என்று சொல்லிவிட்டுப் போனை நம்பியிருக்கக் கூடாது என்பதில் கறாராக இருந்தேன்.

பிறகுதான் யார் யார் கேட்கிறார்கள் என்று தெரிய வந்தது. வீட்டில் பூ கட்டுகிற ஒரு மாணவி, கையில் பூவும் காதில் பாடமுமாக இரண்டு வேலையையும் முடித்தாள். ஒடிசாவிலிருந்து செங்கல் சூளை வேலைக்கு வந்த குடும்பத்துப் பையனுக்குத் தமிழ் பேச வரும், எழுத்து வராது. அவன் ஒவ்வொரு பதிவையும் புத்தகத்தோடு வைத்து மூன்று முறை கேட்டான். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் தேர்வுக்கு முந்திய இரவு திருப்புதலுக்குக் கேட்டார்கள். ஒரு மாணவனின் அம்மா, நூறு நாள் வேலைக்குப் போகிறவர், ‘சார், அந்த பூனா ஒப்பந்தம் பாடத்த நானும் கேட்டேன்’ என்றார்.

பிளேயரைத் திருப்பிக் கொடுத்த மாணவனும் கேட்டான். இப்போது அவனைத் தனியாகக் கூப்பிட எந்தப் பெயரும் இல்லை, எல்லோரும்தானே கேட்கிறார்கள். நாலைந்து மாதம் கழித்து ஒருநாள் தானாக எழுந்து ஒரு பத்தியை வாசித்தான். பக்கத்தில் இருந்த மாணவி, ‘மனப்பாடமாச் சொல்றான் சார்’ என்றாள். அவன் கோபப்படவில்லை. ‘பாதி மனப்பாடம், பாதி படிக்கிறேன் சார்’ என்றான். நாம் எல்லோரும் படிக்கக் கற்றது அப்படித்தானே தோழர்களே?

இன்னொரு பழக்கமும் என்னால் வந்தது. எனக்குக் கரும்பலகை தெரியாது. எனவே யார் அதில் எழுதினாலும் எழுதுவதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வரைபடத்தைக் காட்டினால் ‘இங்கே பார்’ என்று சொல்லக் கூடாது. ‘வைகை, மதுரைக்கு மேற்கே மலையில் பிறந்து, கிழக்கே ராமநாதபுரம் பக்கம் போகிறது’ என்று சொல்ல வேண்டும். பேசுகிறவர் முதலில் தன் பெயரைச் சொல்ல வேண்டும். இதற்குப் பைசா செலவு இல்லை. ஆனால் வரைபடத்தை வாயால் விளக்க வேண்டுமென்றால் அதை உண்மையாகவே புரிந்துகொண்டிருக்க வேண்டும். என் பிள்ளைகள் வரைபடக் கேள்விக்குப் பயப்படுவதில்லை. பெயரைச் சொல்லிப் பேசும் பழக்கத்தால், வருடம் முழுக்க வாயே திறக்காமல் இருந்துவிட்டுப் போகிற பிள்ளைகள் யார் என்பதும் எனக்குத் தெரிந்துவிடுகிறது.

காது சரியாகக் கேளாத ஒரு மாணவி வந்து சேர்ந்தாள். பேச்சை உடனுக்குடன் எழுத்தாக்கும் செயலியைப் போனில் திறந்து, அதை ஸ்மார்ட் போர்டில் ஓடவிட்டோம். நான் பேசினால் ஓரளவு சரியாக எழுதியது. பிள்ளைகள் பேசினால் தப்பும் தவறுமாக எழுதியது. ஒருவன் ‘கெணத்தாண்ட’ என்று சொன்னால் அது ‘கண்ணாடி’ என்று போடும். வகுப்பே சிரிக்கும். ஒரு மாணவி சிரிக்காமல் கேட்டாள்: ‘சார், இது வாத்தியார் தமிழத்தான் எழுதுமா? நம்ம தமிழ எழுதாதா?’

இந்தக் கேள்வியை நீங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எந்திரம் யாருடைய பேச்சைக் கேட்டுக் கற்றதோ அவர்களுடைய பேச்சைத்தான் மொழி என்று எண்ணும். சேரியின் பேச்சையும் சூளையின் பேச்சையும் அதற்கு யாரும் ஊட்டவில்லை என்றால், அது எங்களை மறுபடியும் கடைசி வரிசையில்தான் உட்கார வைக்கும். தொழில்நுட்பம் தானாகவே சாதியை ஒழித்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. சாதி எதற்குள்ளும் புகுந்து உட்காரும். கணினி படிக்கிற தோழர்கள் இங்கே இருப்பீர்கள். தமிழ்ப் பேச்சை எந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்கும் வேலை உங்கள் கையில் வரும்போது, எந்தத் தெருக்களின் குரலைச் சேர்க்கிறோம் என்று கேட்பதும் சமூக நீதி வேலைதான்.

எங்கள் ஆசிரியர் அறையில் எழுந்த எதிர்ப்பையும் சொல்ல வேண்டும். ‘காதால் கேட்பது படிப்பாகுமா? பிள்ளைகள் சோம்பேறி ஆகிவிடுவார்கள்’ என்றார்கள். வேதத்தைக் கேட்ட சூத்திரனின் காதில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்றச் சொன்னது கௌதம தர்மசூத்திரம். கேட்பது அறிவுக்கு வழி என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதனால்தான் காதை அடைத்தார்கள். தலைமுறை தலைமுறையாகக் கேட்டே மனப்பாடம் செய்தவர்களின் கல்வி உயர்ந்த கல்வி. எங்கள் பிள்ளைகள் கேட்டால் சோம்பேறித்தனமா? எழுத்துக் கூட்டுவதிலேயே முழுக் கவனமும் செலவாகிற பிள்ளைக்குப் பொருள் மண்டையில் ஏறாது. காது பொருளைக் கொடுத்தால், கண் எழுத்தைப் பிடிக்க அவகாசம் கிடைக்கிறது. இதில் மர்மம் எதுவும் இல்லை.

அடுத்தது தகுதி பற்றிய வாதம். மாற்றுத்திறனாளிகளுக்குத் தேர்வில் ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும் என்பது ஒன்றிய அரசின் 2018 வழிகாட்டுதல். ‘கூடுதல் நேரம் கொடுத்தால் நாங்களும் நிறைய எழுதுவோம்’ என்று சிலர் சொல்வார்கள். நல்லது, அப்படியானால் எல்லோருக்கும் கொடுங்கள் என்பதுதான் என் பதில். வரலாற்றுத் தேர்வில் வேகத்தை ஏன் அளக்கிறோம்? மூன்று மணி நேரத்தில் எழுதுகிறவன் அறிவாளி, நாலு மணி நேரத்தில் எழுதுகிறவன் மக்கு என்பது யார் போட்ட சட்டம்? இடஒதுக்கீட்டை எதிர்க்கிறவர்கள் சொல்லும் ‘தகுதி’யும் இதுவும் ஒரே பட்டறையில் அடித்த காசு. ஏற்கெனவே வசதியாக இருப்பவரின் அளவில் செருப்புத் தைத்துவிட்டு, அது பொருந்தாத காலைக் குறை சொல்வது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘எல்லோருக்கும் பயன்படும், அதனால் செய்யுங்கள்’ என்று சொல்லும்போது ஒரு பள்ளம் இருக்கிறது. எல்லோருக்கும் பயன்படாதது? பிரெயில் புத்தகம் என் வகுப்பில் ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் வேண்டும். சைகை மொழி ஆசிரியர் ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் வேண்டும். அதற்காக அதை விட்டுவிடலாமா? கூடாது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 18 வயது வரை நூல்களையும் துணைக் கருவிகளையும் இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. ஆனால் அதை 40 விழுக்காடு குறைபாடு என்று சான்றிதழ் பெற்றவர்களோடு நிறுத்திக்கொள்கிறது. 2021இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்த 40 விழுக்காட்டைக் காரணம் காட்டித் தேர்வில் எழுத்தர் உதவியை மறுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. உரிமை முதலில். அது ஒருவருக்காக இருந்தாலும் உரிமைதான். மற்றவர்களுக்கும் பயன்படுவது அதன் விளைவு. நிபந்தனை ஆகிவிடக் கூடாது. ஒடுக்கப்பட்டவர் உரிமை கேட்டால், ‘அதனால் எங்களுக்கு என்ன லாபம்’ என்று கணக்குக் கேட்பது பழைய வழக்கம். அந்தக் கணக்குப் புத்தகத்தை நாமே எழுதிக் கொடுத்துவிடக் கூடாது.

பிறகு ஏன் வகுப்பு முழுவதற்கும் என்கிறேன்? மதிய உணவை நினைத்துப் பாருங்கள். 1920இல் நீதிக்கட்சிக் காலத்தில் சென்னை ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கி, 1956இல் காமராசர், 1982இல் எம்.ஜி.ஆர்., 2022இல் காலை உணவு என்று வளர்ந்தது. பசித்த பிள்ளைக்காகத்தான் அந்தத் திட்டம். ஆனால் இன்று எந்தப் பிள்ளையும் ‘நான் பசியோடு இருக்கிறேன்’ என்று சான்றிதழ் காட்டத் தேவையில்லை. தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றால் போதும். எல்லோருக்கும் என்று வைத்ததால்தான், யாருக்கு மிகவும் தேவையோ அந்தப் பிள்ளை தலைகுனியாமல் சாப்பிட முடிகிறது. தலித் பெண் சமைத்தால் சாப்பிட மாட்டோம் என்று இன்றும் சில ஊர்களில் தகராறு செய்கிறார்கள் என்றால், ஒரே பந்தி எவ்வளவு ஆழத்தில் போய்க் குத்துகிறது என்று பாருங்கள். ஒலிப்பதிவும் திரை எழுத்தும் பெரிய எழுத்துப் புத்தகமும் வகுப்பறையில் அப்படிப் பொதுவாக இருக்க வேண்டும். கேட்டு வாங்க வேண்டிய நிலையே இருக்கக் கூடாது.

இதற்குப் பணம் வேண்டும். ஆள் வேண்டும். சிறப்பு ஆசிரியர்கள் பல ஆண்டுகளாகத் தொகுப்பூதியத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகளுக்கு அலைந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய சம்பளமும் சிறப்புக் குழந்தைகளுக்கான செலவும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் வருகின்றன. பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்று 2024-25இல் தமிழ்நாட்டுக்குரிய அந்த நிதியைத்தான் ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. மும்மொழி பற்றிய விவாதம் தொலைக்காட்சிகளில் நடந்தது. காது கேளாத பிள்ளையின் ஆசிரியருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி அந்த விவாதங்களில் வரவில்லை. மாநில அரசிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது: பாடநூல் படங்களுக்கு எழுத்தில் விளக்கம் எங்கே? அரசு வெளியிடும் பாட வீடியோக்கள் அனைத்திலும் தமிழ் எழுத்து ஓடுவது எப்போது? சிறப்பு ஆசிரியர்களுக்கு நிரந்தரப் பணி எப்போது?

அரசைக் கேட்பதற்கு முன் நம்மையும் கேட்டுக்கொள்வோம். நம் இயக்கத் தோழர்கள் பெரியார் பிறந்த நாளுக்கும் அம்பேத்கர் நினைவு நாளுக்கும் அழகழகாகப் படங்கள் செய்து பகிர்கிறார்கள். மேற்கோள் முழுவதும் படத்துக்குள் இருக்கும். என் போன் ‘படம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். பெரியார் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. கருத்தரங்க வீடியோ போடுகிறோம்; எழுத்து ஓடாது. மாடியில் கூட்டம் வைக்கிறோம். இன்று நானும் இருபத்திரண்டு படி ஏறித்தான் வந்தேன். நான் ஏறிவிட்டேன், சக்கர நாற்காலியில் வருகிற தோழர் ஏற மாட்டார். படத்தோடு இரண்டு வரி எழுத்தையும் போடுங்கள். வீடியோவுக்கு எழுத்து போடுங்கள். அடுத்த கூட்டத்தைத் தரைத் தளத்தில் வையுங்கள். முழங்கால் வலிக்கிற மூத்த தோழர்களும் உங்களை வாழ்த்துவார்கள்.

முதல் பெஞ்சு யாருடையது என்று தொடங்கினேன். என் வகுப்பில் அது யாருடையதும் இல்லை. வாரத்துக்கு ஒருமுறை வரிசை மாறும். போன வாரம் கடைசியில் இருந்தவர் இந்த வாரம் முன்னால் இருப்பார். இதைக் கொண்டுவர எந்தத் தொழில்நுட்பமும் தேவைப்படவில்லை. சில பெற்றோர் வந்து சண்டை போட்டார்கள். என்ன காரணத்துக்காக என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இருவருக்கும் தெரியும்.

போன மாதம் பாடம் நடந்துகொண்டிருந்தபோது, கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி சத்தமாகச் சொன்னாள்: ‘சார், போர்டு தெரியல!’

இருபத்தைந்து வருடத்துக்கு மேலாயிற்று, நான் சொல்லாமல் விட்ட அதே சொல். ஒரு நொடி நின்றுவிட்டேன். பிறகு, ‘எனக்கும்தாம்மா தெரியல. யாராவது சத்தமாப் படிங்க’ என்றேன்.

வகுப்பே சேர்ந்து படித்தது.